ஆயாக் கொட்டகையில் ஓடிய வீடியோ

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் மலேசியாவின் நெகிரி செம்பிலானில், கோலா கிளாவாங்கிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் பால் மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கிறவர்கள். என் மகன் நடை பழகி, ஓட்டம் பிடிக்க ஆரம்பித்திருந்த வயது. விட்டால் கோழியைத் துரத்திக்கொண்டு அடுத்த வீட்டு வரிசைக்கே, அடுத்த லயத்துக்கே போய்விடுவான். அவனைப் பிடித்துக் கால் கழுவிவிடுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

தோட்டத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு ஆயாக் கொட்டகை என்றால் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்னாலேயே நாங்கள் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். மண்டோர் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. போகிற வழியில், தூங்குகிற பிள்ளையைத் துணியோடு சுற்றி எடுத்துக்கொண்டுபோய் கொட்டகையில் ஆயாவின் கையில் கொடுத்துவிடுவோம். மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு மத்தியானம் திரும்பும்போதுதான் பிள்ளையை வாங்குவோம். நடுவில் போய் எட்டிப் பார்க்கலாம் என்றால் மரமும் விடாது, மண்டோரும் விடமாட்டார். கொட்டகைக்கு முன்பக்கம் ஆள் உயரத்துக்குப் பலகைச் சுவர் வேறு. உள்ளே என்ன நடக்கிறது என்பது ஆயாவுக்கும் பிள்ளைகளுக்கும்தான் தெரியும். பிள்ளைகளுக்கோ பேச்சு வரவில்லை.

எங்கள் ஆயா நல்ல மனுஷி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டியவர், பளிச்சென்று துவைத்த சேலை கட்டுவார். அவருடைய கைராசி தோட்டம் முழுக்கப் பேச்சு. "நம்ம ஆயாகிட்ட போனா எந்தப் பிள்ளையும் அடங்கிரும்லா" என்று பெண்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். உண்மைதான். மத்தியானம் போனால் வரிசையாகத் தொட்டில்களிலும் பாயிலும் பிள்ளைகள் படுத்துக் கிடக்கும். ஈ பறக்கிற சத்தம் கேட்கும்.

எனக்கு அதுதான் உறுத்தியது. என் மகன் மத்தியானம் தூங்குகிற ஜாதியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் ஒரு கண் மூட மாட்டான். கொட்டகைக்குப் போன நாளில் மட்டும் தோளில் போட்டுத் தூக்கி வந்தால், பொழுது சாய்கிறவரை எழுந்திருக்க மாட்டான். எழுந்தாலும் முகம் ஒரு மாதிரி வீங்கி, கண் சொருகி, சோற்றை வாயில் வைத்தால் வாயிலேயே வைத்திருப்பான். சட்டைக் கழுத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். மோந்து பார்த்தால் இனிப்பு வாசனை.

"ரோஸ் சிராப் தண்ணி கலக்கிக் குடுத்திருப்பாங்க. அதுக்கு ஏன் மூக்க வச்சிக்கிட்டு மோந்து பாக்கிற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டு வாரமா பாக்கிறேங்க. பிள்ள சரியில்ல."

"ஊர்ல எல்லாரும் பிள்ள தூங்கலன்னு அழுவாங்க. நீ தூங்குதுன்னு அழுவுறியே" என்று சிரித்தார். அவர் எப்போதும் அப்படித்தான். எதற்கும் பதற மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பதற வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து பாயில் கிடத்தினேன். கை தொப்பென்று விழுந்தது. கூப்பிட்டேன், அசைவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண் பாதி திறந்து மேலே போய் மறுபடி மூடிக்கொண்டது. வாரிப் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. அங்கே டாக்டர் மாதத்துக்கு எப்போதாவது வருவார். மற்றபடி மருந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் டிரெஸர்தான். அவர் மூச்சைப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "காய்ச்சல் வரப்போவுது போல. பக்கத்திலயே வச்சிப் பாத்துக்குங்க, எழுந்தா தண்ணி குடுங்க" என்று ஒரு கட்டிலைக் காட்டினார். பொழுது இறங்கும்போது அவன் எழுந்து "அம்மா, மாம்மு" என்றான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். காய்ச்சல் வரவே இல்லை.

மறுநாள் ஆயாவிடம் நேராகவே கேட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "ஆயா, பிள்ள இங்க என்னா செய்றான்? எப்ப தூங்குறான்? என்னா சாப்பிடுறான்?"

ஆயாவுக்கு முகம் மாறிவிட்டது. "எத்தன வருசமா பிள்ள பாக்கிறேன். ஒன்னையே நான்தான் பாத்துக்கிட்டேன். என்னையா கேள்வி கேக்கிற?"

அவ்வளவுதான், பேச்சு லயம் முழுக்கப் பரவிவிட்டது. பால் எடுக்கிற இடத்தில் பெண்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். "வாய்க் கொழுப்பு" என்று ஒருத்தி காதில் விழும்படியே சொன்னாள். இருக்கட்டும். பிள்ளை என்னுடையது. ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் பேசினால் எடுபடாது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. நடுப்பகலில் அந்தப் பலகைச் சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாரும் பார்க்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. என் தம்பி அப்போது சிரம்பானில் தெமியாங் பக்கம் கடை வைத்து, கல்யாணம் காட்சிக்கெல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். திருவிழாவை வீடியோ எடுக்க அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்துக்குள் வீடியோ கேமரா வருவது அதுதான் முதல் தடவை. ஊரே குளித்துவிட்டுக் காத்திருந்தது.

தம்பியிடம் சொன்னேன்: "திருவிழாக்கு மொத நாளே வந்துரு. ஆயாக் கொட்டகையில கேமராவ வச்சிக் காலையிலேருந்து ஓட விடு."

"அங்க என்னாக்கா இருக்கு? பிள்ளைங்க அழுவுறத எடுத்து யாருக்குப் போட்டுக் காட்டுறது?"

"பிள்ளையப் பெத்தவளுக்கு. நாங்க என்னிக்குடா பகல்ல எங்க பிள்ளைங்கள பாத்திருக்கோம்?"

அவன் எத்தனை டேப் வேண்டும் என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டான். பிறகு "ஓகேலா" என்றான்.

ஒளித்து வைக்கவில்லை, திருட்டுத்தனமும் செய்யவில்லை. ஆயாவிடமும் மற்ற பெண்களிடமும் சொல்லித்தான் வைத்தோம். பெண்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அன்றைக்கு எல்லாப் பிள்ளைக்கும் திருவிழாவுக்கு எடுத்த புதுச்சட்டையை ஒரு நாள் முன்னாலேயே மாட்டிவிட்டார்கள். ஆயாவும் பட்டுக்கரைச் சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தார். "ஆயா, கேமரா பாட்டுக்கு அது ஓடும். நீங்க எப்பவும் போல ஒங்க வேலையப் பாருங்க" என்றேன். "பின்னே, ஆடச் சொல்றியா?" என்றார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

லயத்து வீடுகளுக்குச் சாயங்காலம்தான் கரண்ட் வரும். கொட்டகைக்குத் தோட்டத்து ரப்பர் ஃபேக்டரியிலிருந்து பகலிலும் கரண்ட் உண்டு. தம்பி மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை ஒரு மூலையில் நிறுத்தி, ஓட விட்டு, கோயில் பந்தலைப் பார்க்கப் போய்விட்டான். டேப் தீர்ந்தால் வந்து மாற்றினான். நான் மரம் வெட்டப் போனேன். அன்றைக்கு என் கை வெட்டிய வெட்டை மண்டோர் பார்த்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். பட்டை ஒரு பக்கம், என் நினைப்பு ஒரு பக்கம்.

திருவிழா முடிந்து அடுத்த சாயங்காலம், கரண்ட் வந்தவுடன், தோட்டத்து மண்டபத்தில் டிவியை மேசை மேல் மேசை போட்டு ஏற்றி வைத்தார்கள். பாயும் பலகையுமாக எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆபீஸில் கணக்குப் பார்க்கிற கிராணி வந்தார், டிரெஸர் வந்தார், ஆயாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். முதலில் காவடி, தீமிதி, அன்னதானம். யாராவது திரையில் வந்தால் ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு. பிறகு தம்பி கொட்டகை டேப்பைப் போட்டான்.

"ஏ, அது நம்ம பய." "அங்க பாரு, என் மவ மண்ணத் திங்குறா." மண்டபமே குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது. பிள்ளைகள் ஓடுவதும் விழுவதும் ஒன்றை ஒன்று கடிப்பதும் அப்படி ஓர் அழகு. ஆயா ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று வாசலுக்கு ஓடியது. அதைப் பிடித்தால் மூன்றாவது தொட்டிலிலிருந்து தலைகீழாகத் தொங்கியது. இருபது பிள்ளைக்கு மேல், ஒரே ஓர் ஆயா. அதைப் பார்த்தும் எல்லாரும் சிரித்தார்கள்.

அப்புறம் ஆயா அலமாரியைத் திறந்து ஒரு பெரிய பாட்டிலை எடுத்தார். சிவப்பு மருந்து. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தார். ஒவ்வொன்றின் தாடையையும் பிடித்து, மூடியில் ஊற்றி, வாயில் விட்டார். வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்தார். ஒன்றைக்கூட விடவில்லை. என் மகன் முகத்தைத் திருப்பினான். கன்னத்தைத் தட்டிக் கொஞ்சிக் கொடுத்துவிட்டார்.

"பாத்தியா, எவ்ளோ பாசமா மருந்து குடுக்கிறாங்க" என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். முன்னால் இருந்த ஆயா தலையை நிமிர்த்திச் சேலையைச் சரிசெய்துகொண்டார். மண்டபம் முழுக்கக் கண் திறந்து பார்த்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் மகனுடைய சட்டை ஞாபகம் வந்தது. சட்டைக் கழுத்தில் இருந்த சிவப்பு அதுதான்.

எழுந்து நின்றேன். "தம்பி, கொஞ்சம் பின்னால ஓட்டு. அந்த மருந்துகிட்ட நிப்பாட்டு."

"ஒக்காரு, மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். நான் உட்காரவில்லை. தம்பி திருப்பிப் போட்டான். மறுபடியும் பாட்டில், மறுபடியும் மூடி.

பக்கத்தில் இருந்தவளையே கேட்டேன். "ஒன் பிள்ளைக்கு அன்னிக்கு இருமல் இருந்துச்சா?"

"இல்லியே."

அடுத்து இருந்தவளைக் கேட்டேன். "ஒன் பிள்ளைக்கு?"

"எம் மவளுக்கு ஒன்னுமில்லக்கா."

வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். இரண்டு பிள்ளைக்குத்தான் சளி. மற்றதெல்லாம் கல்லுக்குண்டாட்டம் இருந்த பிள்ளைகள். சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. சற்று முன்னால் மண் தின்ற பெண் குழந்தை உட்கார்ந்த வாக்கிலேயே தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கியது. அதன் தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டிரெஸர் மெதுவாக எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், திரையில் பாயோரம் நின்ற பாட்டிலைப் பார்த்தார். "நான்தான் குடுத்தேன்" என்றார். "பிள்ளைங்களுக்கு இருமல்னு ஆயா வந்து கேப்பாங்க. யாருக்கு இருமலோ அதுக்கு மட்டும்னு சொல்லித்தான் குடுத்தேன். அது தூக்கம் வர்ற மருந்து. கூடப்போனா சின்னப் பிள்ளைக்கு மூச்சு அடங்கிரும்." என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு என் மகனுக்கு ஏன் காய்ச்சல் வரவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

மண்டபம் கொதித்துப் போனது. "பிள்ளைங்கள கொல்லவா ஒங்ககிட்ட குடுத்தோம்" என்று ஆண்கள் எழுந்தார்கள். என்னை வாய்க்கொழுப்பு என்றவள்தான் எல்லாருக்கும் முந்திக் கத்தினாள். "நாளைக்கே வெரட்டணும்" என்றார்கள்.

ஆயா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் வெஷமா குடுத்தேன்?" என்றார். "இருமலுக்குக் குடுக்கிற மருந்துதானே, ஒடம்புக்கு நல்லதுதானேன்னு குடுத்தேன். கொட்டகைக்குப் பின்னால ஃபேக்டரிக் கால்வாய் ஓடுது, தெரியும்ல? போன மழையில ஒரு பிள்ள அதுல தலகுப்புற விழப் பாத்துச்சி. கால்ல புடிச்சி இழுத்தேன். அன்னியிலேருந்து எனக்கு நெஞ்சுப் பதட்டம் நிக்கல. ஒருத்தி நான் எத்தனையப் புடிப்பேன்? தூங்குனா ஓட மாட்டாங்க. ஓடலன்னா விழ மாட்டாங்க. ஆளு வேணும்னு கேட்டேன். கிராணி, நீங்களே சொல்லுங்க, கேட்டனா இல்லியா?"

கிராணி கீழே பார்த்தார். "கேட்டாங்க" என்றார்.

எனக்கு ஆயா மேல் கோபம் இல்லாமல் இல்லை. நாலு வார்த்தை கேட்க நாக்கு துடித்தது. ஆனால் சற்று முன்னால் திரையில் பார்த்தது கண்ணிலேயே நின்றது: ஒன்றைப் பிடித்தால் ஒன்று ஓடுகிறது. இவரை விரட்டிவிட்டு இன்னொருத்தியைக் கொண்டுவந்து அதே இருபது பிள்ளையை அவள் தலையில் கட்டினால், அவளும் வேறு ஏதாவது பாட்டிலைத் தேடுவாள். அதைத்தான் அங்கே நின்று சொன்னேன். "ஆயாவ வெரட்டுனா மானேஜருக்கு நல்லது. தப்பு பண்ணவங்கள வெரட்டியாச்சின்னு நம்ம வாய மூடிருவாரு. நாளைக்கு ஒருத்தரும் கொட்டகையில பிள்ளைய விடாதீங்க. பிள்ளையோட பெரட்டுக்கு வாங்க."

மறுநாள் விடியலில் பெரட்டுத் திடலைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு பெண்ணின் இடுப்பிலும் ஒரு பிள்ளை. ஒன்று அழ, அதைப் பார்த்து இன்னொன்று அழ, மண்டோர் பெயர் கூப்பிடுவது யாருக்கும் கேட்கவில்லை. ஆண்களும் மரம் வெட்டுகிற கத்தியை எடுக்காமல் பின்னால் நின்றார்கள். அவர்களில் என் வீட்டுக்காரர் முன்வரிசையில் நின்றார். எதற்கும் பதறாதவர் அன்றைக்கு எனக்கு முன்னாலேயே எழுந்து மகனுக்குச் சட்டை மாட்டியிருந்தார்.

மானேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். "என்ன இது?" என்று கிராணியைக் கேட்டார். கிராணி என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த மலாயிலேயே சொன்னேன். கொட்டகைக்கு இன்னோர் ஆயா வேண்டும். கால்வாய்க்குத் தடுப்பு வேண்டும். முன்பக்கப் பலகைச் சுவரை இடுப்பளவுக்குக் குறைக்க வேண்டும், போகிற வருகிற யார் கண்ணுக்கும் உள்ளே தெரிய வேண்டும். டிரெஸர் கையால் தவிர யார் கையாலும் பிள்ளைக்கு மருந்து கூடாது. இது நடக்கிறவரை எங்கள் பிள்ளையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

அவர் மேலிடத்துக்கு எழுத வேண்டும், யோசிக்க வேண்டும் என்றார். "யோசிங்க" என்றேன். "நாங்க இங்கேயே நிக்கிறோம்."

மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். வெயில் ஏறிவிட்டால் பால் இறங்காது. அது மானேஜருக்கும் தெரியும். கிழக்கே மலைக்கு மேல் வெளுக்க ஆரம்பித்தது. அவர் மலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு பிள்ளை அவருடைய ஜீப்பின் சக்கரத்தில் ஒன்றுக்கு இருந்தது. யாரோ சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது போல. "சரி, இன்றைக்கே ஓர் ஆளைப் போடுகிறேன். மற்றதையும் செய்கிறேன். போய் வேலையைப் பாருங்கள்" என்றார். கிராணியை எல்லாருக்கும் கேட்கும்படி அதைத் தமிழில் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

கொட்டகை வாசலில் ஆயா நின்றிருந்தார். பூ இல்லை, தலை குனிந்திருந்தது. தமக்கு இனிமேல் அங்கே வேலை இருக்கிறதா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாது. பிள்ளைகளோடு போன பெண்கள் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டார்கள். முதலில் யார் கொடுப்பது? எனக்கும் கொடுக்க மனசு வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். என் மகனை இறுக்கிப் பிடித்தபடி நடந்துபோய் அவருடைய கையில் கொடுத்தேன்.

"ஆயா, தூங்கலன்னா பரவால்ல. அழுதா அழுவட்டும்."

ஆயா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருத்தராக வந்து கொடுத்தார்கள்.

அன்றைக்கு மத்தியானம் பால் நிறுக்கிற இடத்தில் நிற்கும்போதே கொட்டகையிலிருந்து சத்தம் கேட்டது. அழுகை, கூச்சல், தகரத்தைத் தட்டுகிற சத்தம், புது ஆயா "ஐயோ, எறங்குடா" என்று கத்துகிற சத்தம். பால் வாளியோடு நின்ற பெண்கள் எல்லாரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தோம். அத்தனை மாசத்தில் அந்தக் கொட்டகைச் சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை. பலகைச் சுவரும் அந்த வாரமே இறங்கியது. ஆயா அதற்குப் பிறகும் பல வருஷம் அங்கேதான் இருந்தார். என் இரண்டாவது பிள்ளையையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

தோட்டத்தை விட்டு வந்து காலமாகிவிட்டது. இப்போது சிரம்பானுக்குப் பக்கத்தில் பாரோயில் என் மகன் வீட்டில் இருக்கிறேன். அன்றைக்குக் கை தொப்பென்று விழக் கிடந்தவன்தான், இன்றைக்கு ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். பிள்ளைக் காப்பகங்களில் கட்டாயம் கேமரா வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று டிவியில் பேசும்போதெல்லாம் நான் சத்தமாகவே சொல்வேன்: வேண்டும், கட்டாயம் வேண்டும். அவன் மகளை விட்டிருக்கிற இடத்தில் கேமரா இருக்கிறது. போனிலேயே பார்க்கலாம். போன வாரம்கூடச் சாப்பாட்டு மேசையில் போனை என் பக்கம் திருப்பி, "பாருங்கம்மா, எவ்ளோ சமத்தாத் தூங்குறா" என்றான்.

நானும் பார்த்தேன். அழகாகத்தான் தூங்கினாள். ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம், அதனால் இன்றைக்கும் எந்தத் திரையில் எந்தப் பிள்ளை தூங்குவதைக் காட்டினாலும், சமத்து என்று சொல்வதற்கு முன்னால் என் வாய் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எப்படித் தூங்க வச்சாங்கன்னு கேட்டியா?"